டப்பாக் குரல்

நிரலின் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறாவது வரிக்கு வந்ததும் பிலோமினாவின் விரல் நின்றுவிட்டது. நேற்றும் இங்கேதான் நின்றது. போன சனிக்கிழமையும் இங்கேதான். இடது காதில் இருந்த இயர்போனில், திரையில் இருப்பதை டப்பா தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போனது, ஆண் குரலும் இல்லை பெண் குரலும் இல்லை, தகரத்தில் ஆணியை வைத்துக் கீறுகிற மாதிரி ஒரு குரல், மூச்சு விடாமல், இதை எடுத்தால் குரல் போய்விடும், காரணம் தெரியவில்லை, தற்காலிகமாக வைத்திருக்கிறேன், யாரும் எடுக்க வேண்டாம், கீழே கையெழுத்தாக எஸ்.கே., பிறகு ஒரு தேதி, பதினாலு வருஷத்துக்கு முந்தின தேதி. நல்ல தற்காலிகம். காரணம் தெரியவில்லையாம். தெரியாத ஆள் எதற்கு எழுதப் போனார் என்று கேட்கவும் வழியில்லை, எஸ்.கே. ஆணா பெண்ணா, எந்த ஊர், இன்னும் நிரல் எழுதுகிறாரா அல்லது எல்லாம் போதுமென்று மாவு மில் வைத்துவிட்டாரா, ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும், படித்தவர்கள், பெரிய பெரிய கம்பெனிகளில் இருப்பவர்கள், இந்த இடம் வந்ததும் சத்தம் காட்டாமல் ஓரமாக நடந்து போயிருக்கிறார்கள். அவளும் போன வாரம் அப்படித்தான் போனாள். இப்போது மத்தியானம் இரண்டே முக்கால். பீமநகர் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசை, மேசையில் மடிக்கணினி, விரலில் இன்னும் போகாத நெத்திலிக் குழம்பு வாசனை, தலைக்கு மேல் நாலு சுற்றுக்கு ஒரு தரம் கிறீச் என்கிற மின்விசிறி. ஊருக்கெல்லாம் கரண்டு வேலை பார்க்கிற சகாயராஜ் வீட்டு விசிறிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட மாட்டார். கட்டின பெண்டாட்டி கேட்டால் நாளைக்கு, ஊரான் கேட்டால் இப்பவே. உறையூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஒயரிங் என்று காலையிலேயே போய்விட்டார். இல்லாததும் நல்லதுதான், இருந்தால் இன்னும் முடியலையா என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்பார். ஆறு மணிக்குள் முடித்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இந்தக் குரலையே தூக்கிவிடுவார்கள்.

தூக்கிவிடுவார்கள் என்றால் கெட்ட எண்ணத்தில் இல்லை. அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை, அதுதான் பெரிய தொல்லை, கெட்டவர்களாக இருந்தால் நாலு கேள்வி கேட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். செவிவழி ஒரு கட்டற்ற மென்பொருள், கண் தெரியாதவர்களுக்குக் கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுவது. சம்பளம் கிடையாது, ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து எழுதிச் சேர்ப்பார்கள், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதில் இரண்டு குரல். புதுசு தேன்மொழி, நிஜமான ஒரு பெண்ணை ஸ்டுடியோவில் உட்காரவைத்துப் பதிவு செய்து பண்ணினது, அவள் நம் வீட்டுக்கே வந்து பேசுகிறாள் என்று தோன்றும். மற்றது பதினாறு வருஷத்துப் பழசு, பட்டியலில் 'குரல் ஒன்று' என்று பெயர், கேட்கிறவர்களுக்கு டப்பா. மூன்று வருஷமாக அதன் பக்கத்தில் 'வழக்கொழிந்தது' என்று போட்டு வைத்திருக்கிறார்கள். நாலு மாதத்துக்கு முன்னால் இணையக் கூட்டத்தில் இளம்பரிதி பேசினார். திட்டத்தை நடத்துகிறவர் அவர், சென்னைக்காரர், நிதானமான மனுஷர், யார் பேச்சையும் குறுக்கே வெட்டாதவர். "குரல் ஒன்னை அடுத்த பதிப்புல எடுத்துடலாம்னு இருக்கோம். ஒன்பதாயிரம் வரி பழைய கோட். கம்பைல் பண்ணினா எச்சரிக்கையா கொட்டுது. பாத்துக்கவும் ஆள் இல்ல. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்றார். அவர்கள் வழக்கம், பத்து விநாடி யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம். பிலோமினா அந்தப் பத்தையும் மனசுக்குள் எண்ணினாள். ஏழில் யாரோ ஒருவர் டப்பாவைப் பேசவிட்டுக் காட்டினார், நிதான வேகத்தில், அது வணக்கம் என்று இழுத்த இழுப்பில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், "எனக்கு ஆட்சேபணை இருக்குங்க."

நான் கேட்கிற வேகத்தில் இரண்டையும் போட்டுப் பாருங்கள் என்றாள். எவ்வளவு வேகம் என்று கேட்டார்கள். இதைப்போல ஐந்து மடங்கு. போட்டார்கள். தேன்மொழி அந்த வேகத்தில் குழைந்த சோறாகிப் போனாள், ஒரு சொல்லில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று ஒன்றும் பிரியவில்லை. டப்பா பிரிந்தது. அதற்கு அழகே கிடையாது, அழகு இருந்தால்தானே கெட, எலும்பு மட்டும் இருக்கிற குரல் அது, எவ்வளவு விரட்டினாலும் எலும்பு எலும்பாகவே இருக்கும். அவர்களுக்கு அதுவும் வெறும் இரைச்சல்தான். "என்ன சொல்லுச்சு?" என்று இளம்பரிதி கேட்டார். செய்தித்தாளின் அரைப் பக்கத்தை அவள் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள். அப்புறம் பத்து விநாடிக்கு மேலேயே ஒருவரும் பேசவில்லை, அந்த மௌனத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை. மூன்று வருஷமாக எல்லாரும் உட்கார்ந்து இனிமை பார்த்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் வேகமாக ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும், கண் உள்ளவர்களுக்குக் கண்ணே ஓடிவிடுகிறது. "நியாயம்தாங்க பிலோமினா. ஆனா அந்தக் கோட யார் பாக்குறது?" என்றார் இளம்பரிதி. "நான் பாக்குறேன்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. ஒன்பதாயிரம் வரி. அவள் அதுவரை இந்தத் திட்டத்துக்குச் செய்தது நாலைந்து சின்னத் திருத்தம், உதவிப் பக்கத்தில் ஒரு பிழை, அவ்வளவுதான்.

ஆனால் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. ஹாஸ்டலில் படித்தபோது பாடம் வாசித்துக் காட்ட ஒரு அக்கா வருவாள், சனி ஞாயிறில், கல்லூரிப் பெண், நல்ல மனசு, பேப்பர் புரட்டுகிற சத்தத்திலேயே பிலோமினாவுக்குத் தெரிந்துவிடும், இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள் என்று. "இது முக்கியமில்லடி" என்பாள். எது முக்கியமில்லை என்று கேட்க முடியாது, உதவி செய்ய வந்தவளிடம் கணக்குக் கேட்பதா. பதினெட்டு வயசில் முதல் தடவையாக ஒரு கணினி மையத்தில் இயர்போனை மாட்டிவிட்டார்கள், இந்த டப்பா ஒரு முழு நாளிதழை வாசித்தது, தலைப்புச் செய்தி, மழை, கொலை, ஆழ்துளைக் கிணறு தோண்டித் தரப்படும், மணமகள் தேவை, நாய்க்குட்டி விற்பனைக்கு, மேல் விவரங்களுக்கு என்று ஒரு தொலைபேசி எண், அந்த எண்ணைக்கூட விடவில்லை. யாரும் எதையும் தாண்டாமல் அவளுக்கு வாசித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அழுதாள், பக்கத்தில் இருந்தவர்கள் காது வலிக்கிறதோ என்று நினைத்தார்கள். இப்போது முப்பத்து நாலு வயசு. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வருகிற புகார்க் கடிதங்களைப் படித்துத் தரம் பிரித்து அனுப்புகிற வேலை, அவள் பிரிவில் ஆறு பேர், நாளைக்கு இருநூறு கடிதத்துக்குக் குறையாமல் பிரிக்கிறது அவள் ஒருத்திதான். இந்தக் குரல் போனால் அறுபது. அறுபது என்றால் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள், அதைவிட மோசம், பாவம் என்பார்கள். மேலாளர் குரலில் சர்க்கரைத் தண்ணி ஊறும். பரவாயில்லம்மா, உங்களால முடிஞ்சதைச் செய்ங்க. அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு இன்னும் இருபத்து நாலு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார முடியாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். பயமாக இருந்தது, நாலு மாதமாகவே பயமாகத்தான் இருக்கிறது.

பயத்தோடே எப்படியோ ஆறாயிரத்துச் சொச்சம் வரிகளை வெட்டியிருக்கிறாள், அதையும் சொல்ல வேண்டும். ஆபீஸ் முடிந்து வந்து ஒரு மணி நேரம், சனிக்கிழமை முழுக்க. நிரலில் ஒரு வரி எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்பதை அவளுக்குச் செவிவழி ஸ்வரமாகச் சொல்லும், ஒரு படி உள்ளே போனால் ஒரு படி உயரமான ஓசை. நல்ல நிரல் ஏறி இறங்குவதைக் கேட்டாலே எழுதினவரின் புத்தி தெரியும். இதைத் திறந்த முதல் நாள் ஆர்மோனியத்தின் மேல் பூனை நடக்கிற சத்தம். பதினாறு வருஷமாக ஆளாளுக்குச் சேர்த்தது, யாரும் எதையும் எடுக்கவில்லை, எடுக்கத்தான் பயம். இப்போது ஒருவரும் வைத்திருக்காத கணினிக்கு ஒரு பகுதி, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒலி அட்டைக்கு ஒரு பகுதி, நாலு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காத ஒரு போனுக்கு ஆயிரத்து இருநூறு வரி. ஒவ்வொன்றாக, இது யாருக்கு வேண்டும் என்று பயனாளர் குழுவில் கேட்டு, இரண்டு வாரம் காத்திருந்து, பதில் வராவிட்டால் வெட்டி, வெட்டினதும் திரும்பக் கம்பைல் பண்ணிக் கட்டி, ஓட்டி, குரல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, இருக்கிறது. அந்த ஒவ்வொரு 'இருக்கிறது'க்கும் அவளுக்குள் ஒரு ஜன்னல் திறந்தது. ஏறி இறங்கும் ஓசை நாளுக்கு நாள் சீராகிக்கொண்டு வந்தது, போன மாதம் ஒரு இடத்தில் ஒரு முழுப் பக்கம் அவ்வளவு ஒழுங்காக ஏறி இறங்கிற்று, சகாயராஜைக் கூப்பிட்டு, "இதைக் கேளுங்க, எவ்வளவு நல்லா இருக்கு" என்று இயர்போனைக் கொடுத்தாள். அவர் கேட்டுவிட்டு, "பீப் பீப்னு வருது பிலோ" என்றார். வேறு எதைத்தான் சொல்வார் அவர்.

மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், ஏழு வரி. அதற்கு எஸ்.கே. வைத்த பெயர் 'கொஞ்சம் பொறு', தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சொல்லும் முடிந்ததும் குரல் இங்கே வந்து ஒரு நொடிக்கும் குறைவாகக் காத்திருந்துவிட்டுப் போக வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு இடங்களிலிருந்து இதைக் கூப்பிடுகிறார்கள். கடைசி எச்சரிக்கைகள் அத்தனையும் இங்கிருந்துதான் வருகின்றன, இது போனால் எச்சரிக்கை சுத்தமாக இல்லை, எச்சரிக்கை இல்லாவிட்டால் குரல் ஒன்று தப்பித்தது, இளம்பரிதி எழுத்திலேயே கொடுத்திருக்கிறார். போன மாதம் மூன்று தடவை, ஏழு வரியை இருந்த இடத்தில் விட்டுவிட்டு, கூப்பிடுவதை மட்டும் எடுத்துப் பார்த்தாள், மூன்று தடவையும் எஸ்.கே. சொன்னபடியே குரல் போய்விட்டது. அவள் வாசிக்கிறதும் இந்தக் குரலில்தான், திருத்துகிறதும் இந்தக் குரலைத்தான், ஆகையால் போனால் மொத்தமாகப் போகும், கணினி கல்லாகிவிடும். முதல் தடவை இரண்டு மணி நேரம் கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், சகாயராஜ் வந்து திரையைப் பார்த்து, "ஏதோ சிவப்பா இருக்கு" என்றார். அவர் அதை எழுத்து எழுத்தாகப் படிக்க, அவள் இவர் விடுவது எது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க, இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டின அக்கா ஞாபகம் வந்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் தனக்கென்று ஒரு காவல் நிரல் எழுதி வைத்துக்கொண்டாள், குரல் போய் ஒரு நிமிஷம் ஆகிவிட்டால் தானாகவே பழைய குரலைத் திருப்பி வைத்துவிடும். அது இரண்டு தடவை அவளைக் காப்பாற்றியது. சரி, ஒரு நிமிஷம்தானே, ஒரு நிமிஷம் யாரால் இருக்க முடியாது. ஏழு வரியையும் வெட்டினாள். இந்தத் தடவை வேரோடு, நூற்றுப் பன்னிரண்டு இடங்களிலும் கூப்பிடுவதையும் ஒரே கட்டளையில் எடுத்தாள். கட்டினாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சுண்டு விரலால் மட்டும் கடைசிப் பொத்தானைத் தட்டிவிட்டு அதையும் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

டிக். அவ்வளவுதான். பிறகு ஒன்றும் இல்லை. இடது காதில் எதுவுமே இல்லாமல் போனதும் வலது காதில் வீடு பெரிதாகிவிட்டது, விசிறி, கீழ் வீட்டில் ஈயப் பாத்திரத்தைத் தேய்க்கிற சத்தம், தெருவில் பழைய பேப்பர்க்காரர், எங்கோ ஒரு மோட்டார். எண்ணினாள். ஒன்று, இரண்டு. பிரெய்ல் சிலேட்டில் புள்ளி குத்துகிற காலத்தில் ஹாஸ்டலில் கரண்டு போனால் எல்லாப் பிள்ளைகளும் படித்துக்கொண்டே இருப்பார்கள், வார்டன்தான் மெழுகுவத்தியைத் தேடித் தடுமாறுவார், அதை நினைத்துச் சிரிப்பார்கள், பதினாறு, பதினேழு, நமக்கு இருட்டு கிடையாது என்று கர்வம், இருட்டு இதுதான் போலிருக்கிறது, இவ்வளவு வருஷம் கழித்து வந்திருக்கிறது, இருபத்தெட்டு. அம்மாவுக்குப் போன் பண்ணி மூன்று நாளாகிறது. வெயிலுக்குத் துணி காய்ந்திருக்கும். நாற்பது. நாளைக்குப் பூசைக்கு எந்தச் சேலை. ஐம்பத்தொன்பது, அறுபது. அறுபத்தைந்து. எழுபது. எண்ணினது வேகமோ என்று இன்னொரு தடவை முதலிலிருந்து எண்ணினாள், இந்தத் தடவை விசிறியின் கிறீச்சை வைத்து. வரவில்லை. உள்ளங்கை வியர்த்தது. ஏன் வரவில்லை, காவல் எங்கே போனது, இரண்டு தடவை வந்தது இன்றைக்கு ஏன் வரவில்லை, இரண்டு தடவைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தபோதே தெரிந்துவிட்டது, தெரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தக் காவலுக்கு ஒரு நிமிஷம் எண்ணத் தெரிய வேண்டுமே, அதற்கு அவள் புதுசாக ஒன்றும் எழுதவில்லை, கைக்கு எட்டினதை எடுத்துப் போட்டுக்கொண்டாள், எஸ்.கே.யின் கொஞ்சம் பொறுவைத்தான். காவல் அவள் சொந்த ஃபோல்டரில் இருந்தது, அதனால் நூற்றுப் பன்னிரண்டில் சேரவில்லை, நூற்றுப் பதிமூன்றாவது. இப்போது அது எழுந்து, இல்லாத ஒன்றைக் கூப்பிட்டு, முதல் வரியிலேயே விழுந்து கிடக்கும். யாரைத் திட்டுவது, எஸ்.கே.யையா. அவளும் தற்காலிகமாகத்தானே வைத்திருந்தாள்.

கைபேசியின் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து வாசிக்கச் சொன்னாள். அது தேன்மொழியின் இனிமையில், "ஒரு மேசை. மேசையின் மேல் ஒரு மடிக்கணினி. அருகில் ஒரு தட்டு" என்றது. ரொம்ப நன்றி. இரண்டு தடவை தள்ளிப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள், தட்டு மட்டும் போயிற்று. வேறு வழியில்லாமல் சகாயராஜைக் கூப்பிட்டாள். துளை போடுகிற இரைச்சலுக்கு நடுவில், "என்ன பிலோ" என்றார். "குரல் போயிருச்சுங்க. திரையில என்ன இருக்குன்னு படிக்கணும்." "இப்பவேவா? ஏணி மேல நிக்கிறேன்மா." "ஆறு மணிக்குள்ள அனுப்பணும்." ஒரு நிமிஷம் துளை போடுகிற சத்தம் நின்றது. "சரி, இதை முடிச்சு மூடிட்டு வந்துடறேன். ஒரு மணி நேரம். பதட்டப்படாத. கொஞ்சம் பொறு" என்று வைத்துவிட்டார். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. பிலோமினாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம் இரும்மா, யாராவது ஏத்திவிடுவாங்க. வங்கியில் கொஞ்சம் இரும்மா, மேனேஜர் வரட்டும், நீங்க கையெழுத்துப் போடுறதுக்கு ஒரு சாட்சி வேணும். கோபித்துக்கொள்ளவும் முடியாது, எல்லாருமே நல்லபடியாகத்தான் சொல்கிறார்கள், இவரும் ஏணியிலிருந்து இறங்கி வருகிறார். வந்து சிவப்பாக இருக்கிறது என்பார். மணி மூன்றரை ஆகியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து நாலரை, அவர் படித்து இவள் புரிந்து பழையதைத் திருப்பி வைக்க ஐந்தரை, அப்புறம் மிச்ச அரை மணியில் பதினாலு வருஷம் யாருக்கும் தெரியாத காரணம் இவளுக்குத் தெரியப் போகிறதா. தெரியாது. போய்விடும். திங்கட்கிழமை புதிய பதிப்பு, எச்சரிக்கைகள் தீராததால் குரல் ஒன்று நீக்கப்பட்டது என்று ஒரு வரி போடுவார்கள், முயன்ற பிலோமினாவுக்கு நன்றி என்றும் போடுவார்கள்.

டிக். அந்தச் சத்தம் மறுபடி ஞாபகத்தில் கேட்டது. போன மாதம் மூன்று தடவையும் கேட்டது, இயர்போன் முள் அசைந்ததென்று விட்டுவிட்டாள். இன்றைக்கு எதுவும் அசையவில்லை, கை மடியில் இருந்தது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் டிக் உள்ளேயிருந்து வந்தது. உள்ளேயிருந்து வந்தது என்றால் குரல் போகவில்லை, பேசத் தொடங்கியிருக்கிறது, தொடங்கின இடத்திலேயே நின்றிருக்கிறது. மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்து வால்வை மூடிவிட்டால், குழாயைத் திறந்ததும் குழாயில் தங்கின ஒரு மடக்கு வந்து நிற்குமே, அந்த ஒரு மடக்குதான் டிக். மிச்சம் பின்னால் தேங்கி நிற்கிறது. அதைத் தள்ளிவிட ஆள் இல்லை. ஏன் இல்லை. நேற்றுவரை யார் தள்ளினார். அவள் அந்த ஏழு வரியை நூறு தடவை கேட்டிருக்கிறாள், பாடம், மனசுக்குள் டப்பாவின் குரலிலேயே ஓடவிட்டாள். ஒன்று, மணி பார். இரண்டு, இவ்வளவு ஆகிவிட்டதா. மூன்று, இல்லையென்றால் சுற்று. நாலு, மிச்சம் தள்ளு. ஐந்து, மறுபடி மணி பார். மிச்சம் தள்ளு. மிச்ச நேரத்தைத் தள்ளிப்போடுவது என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள், காத்திருப்பதைப் பற்றின ஏழு வரியில் அதுவும் காத்திருப்பது என்று. அது நேரத்தைத் தள்ளவில்லை, சத்தத்தைத் தள்ளியிருக்கிறது. சும்மா நிற்கிற நேரத்தில் இந்த வேலையையும் பார் என்று எஸ்.கே. அதை அங்கே செருகிவிட்டு, செருகினதையே மறந்துவிட்டு, பிறகு காத்திருப்பதை எடுத்தபோது குரல் போகக் கண்டு மிரண்டு போயிருக்கிறார். பாவம், எந்த நிலைமையில் எழுதினாரோ. காத்திருந்தது குரலுக்கு ஒருநாளும் தேவைப்பட்டதே இல்லை. ஆறு வரி வெறும் சுமை, ஒரு வரி உயிர்.

ஒரு வரியைத் திருப்பி எழுத வேண்டும், கல்லுக்குள். முடியுமா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டால் முடியாது என்று பதில் வந்துவிடும். விரல்களைச் சுடிதார் நுனியில் துடைத்துக்கொண்டாள் — பழக்கதோஷம், அப்பாவின் வேட்டியில் துடைத்த பிள்ளைக் கை. திரையில் எந்த ஜன்னலில் இருக்கிறோம் என்பது தெரியும், அதைவிட்டு அவள் நகரவில்லை. கட்டளை அடித்துக் கோப்பைத் திறந்தாள், திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாள். வரி எண்ணை நம்ப முடியாது, வெட்டினதில் எல்லாம் மாறியிருக்கும், ஆகவே சத்தத்தை அனுப்புகிற பகுதியைப் பெயர் சொல்லித் தேடினாள். அதற்குக் கீழே புது வரி. மிச்சம் தள்ளு என்று ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாக அடித்தாள். அடித்து முடிக்கும்போது சந்தேகம் வந்தது, எழுதுகிற நிலைக்குள் போனோமா, போகாமலே அடித்திருந்தால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை, கோப்பையே நாசமாக்கியிருக்கும். எதையும் சேமிக்காமல் வெளியே வந்து மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை ஒவ்வொரு விசையையும் வாயால் சொல்லிச் சொல்லி அழுத்தினாள், ஜெபமாலை உருட்டுகிற நிதானத்தில். சேமி. கட்டு. கட்டி முடிக்க இரண்டு நிமிஷம் ஆகும், நாற்பது கிறீச் எண்ணினாள், பயத்துக்கு இன்னும் ஐந்து. இது நடக்கவில்லையென்றாலும், என்று நினைத்தாள், காரணம் தெரிந்துவிட்டது, பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது, அதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அந்த நினைப்பு வந்ததும் பயம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. கடைசிப் பொத்தானைத் தட்டினாள்.

டப்பா கத்திற்று. கட்டளை முடிந்தது எச்சரிக்கை சுழியம் பிழை சுழியம் என்று அது சொன்ன வேகத்தில் அவளுக்கே முதல் நொடி பிடிபடவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இருந்த அந்தச் சின்னக் காத்திருப்பு போய்விட்டதே, அத்தனை சொல்லும் முழு ஓட்டத்தில் வருகின்றன. மறுபடி வாசிக்கச் சொன்னாள், மறுபடி, நாலாவது தடவையில் காது எட்டிப் பிடித்துவிட்டது, சேலைத் தலைப்பு என்று நினைத்துத் துப்பட்டாவில் மூக்கைச் சிந்தினாள். அழுகிறோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. நாலு மணி பத்து நிமிஷத்துக்கு அனுப்பினாள், மாற்றக் குறிப்பில் காரணத்தை நாலு வரியில் எழுதி, எஸ்.கே.யைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல். பதினைந்து நிமிஷத்தில் இளம்பரிதியிடமிருந்து வந்தது: "சோதனை எல்லாம் தேறிடுச்சுங்க. நாலு தடவ ஓட்டிப் பாத்தேன். பழைய வேகத்தவிட நல்லாவே கூடியிருக்கு. சேத்துட்டேன். பட்டியல்ல 'வழக்கொழிந்தது'ங்கறதை மட்டும் நான் எடுக்கல. அது நீங்க எடுக்க வேண்டியது." அவள் அந்தப் பட்டியலைத் திறந்தாள். ஒற்றை வார்த்தை. எடுத்தாள். அதற்குப் பக்கத்துக் கட்டம், பராமரிப்பவர், மூன்று வருஷமாகக் காலியாக இருந்தது, அதில் தன் பெயரை எழுதினாள்.

படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறி வருகிற சத்தம் கேட்டது. சகாயராஜ் வியர்வையும் சிமென்ட் தூசியும் மணக்க உள்ளே வந்து, மூச்சு வாங்க, "தள்ளு, தள்ளு, எங்க, எதைப் படிக்கணும்" என்று திரைக்கு முன்னால் குனிந்தார். "ஒன்னும் படிக்க வேணாம்ங்க. உக்காருங்க" என்று அவர் காதில் இயர்போனைச் செருகிவிட்டு அந்தப் பட்டியலை ஓடவிட்டாள். அவர் அசையாமல் கேட்டார், ஒரு தரம், இன்னொரு தரம், இந்தத் தடவை பீப் என்றுகூடச் சொல்ல வரவில்லை அவருக்கு. "ஒரு வார்த்தைகூடப் புரியல பிலோ. என்ன சொல்லுது?"

"சொல்றேன், கேளுங்க" என்று நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் அவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினாள்.